கழிப்பறை அடைப்பும் அவசரத்தில் ஊற்றிய ஆசிட்டும்

கேள்வி: திருச்சிக்கு அருகே சொந்த வீட்டில் வசிக்கிறோம். மாடியில் உள்ள வெஸ்டர்ன் கழிப்பறையில் பத்து நாட்களாக அடைப்பு. பிளஷ் செய்தால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, கால் மணி நேரத்தில் மெல்ல வடிகிறது. இடையில் ஒரு நாள் தானாகவே சரியாகி நன்றாகப் போயிற்று. மறுநாள் மறுபடியும் அதே நிலை. கீழ்த்தளத்தில் உள்ள இந்தியன் கழிப்பறையில் எந்தத் தொந்தரவும் இல்லை. நேற்று இரவு என் கணவர் பாத்ரூம் ஆசிட் அரை பாட்டில் ஊற்றினார், பயனில்லை. பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். கடைக்காரர் காஸ்டிக் சோடா தருகிறேன் என்கிறார். தொலைபேசியில் பேசிய பிளம்பரோ கோப்பையைப் பெயர்த்தால்தான் முடியும், டைல்ஸ் சில உடையும் என்கிறார். வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. செப்டிக் டேங்கை இதுவரை திறந்ததில்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. எதையும் உடைக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. பெரும்பாலும் ஒரு டைலுக்குக்கூடச் சேதம் இல்லாமல் முடிந்துவிடும். ஆனால் அடைப்பை எடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன், நேற்று இரவு ஊற்றிய ஆசிட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பவற்றில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. பத்து நாள் பொறுத்த அடைப்பு இன்னும் ஒரு நாள் பொறுக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தக் கோப்பையில் இப்போது பிளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது. பாத்ரூம் ஆசிட் என்று கடைகளில் விற்பது நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். அந்த அளவு வாயு ஒரு வீட்டில் உண்டாகாது என்பது உண்மை; ஆனால் நாலடிக்கு ஆறடிக் குளியலறையில் கோப்பையின் மேல் குனிந்து நிற்பவருடைய நுரையீரலைப் புண்ணாக்க அந்த அளவு தேவையும் இல்லை. திரவமாக வரும் பிளீச்சுக்கும், குளோரின் அடங்கிய மற்றக் கழிப்பறைத் தூய்மைப் பொருள்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காஸ்டிக் சோடா இன்னொரு விதமான தொல்லை. அமிலம் நிற்கும் நீரில் அதைப் போட்டால், இரண்டும் ஒன்றையொன்று முறிக்கும்போது வெளிப்படும் வெப்பத்தில் நீர் திடீரென்று கொதித்து முகத்துக்குத் தெறிக்கும். அமிலமே இல்லாத வெறும் நீரில் போட்டாலும் அது சூடேற்றத்தான் செய்யும். போதிய நீர் இல்லாமல் கொட்டினால் அடிவளைவில் கெட்டிப்பட்டுக் கல்லாக உட்கார்ந்துவிடும். அடைப்பை எடுக்கப் போய் அதைவிடப் பெரிய அடைப்பை வைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சமையலறைச் சிங்க்கில் படியும் எண்ணெய்ப் பிசுக்கையும் குளியலறையில் சேரும் முடியையும் காஸ்டிக் கரைக்கும். கழிப்பறையில் அடைத்துக்கொள்ளும் துணியையும் நாப்கினையும் பிளாஸ்டிக்கையும் அது ஒன்றும் செய்வதில்லை.

ரப்பர் பம்பையும் இன்றைக்கு எடுக்க வேண்டாம். பத்திரமான முதல் கருவி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஆசிட் கலந்த நீர் நிற்கும் கோப்பையில் பம்பை வைத்து அழுத்துவது, ஆசிட்டை நம் கண்ணை நோக்கி நாமே தெளிப்பதற்குச் சமம். முதலில் நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். உங்கள் கோப்பையில் நீர் மெதுவாகவேனும் வடிகிறது என்பது இந்த இடத்தில் பெரிய சௌகரியம். ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் அதையும் ஓடவிட்டு, குழந்தையை மாடிப் பக்கமே வரவிடாமல் செய்துகொண்டு, ஒரு மக்கால் சாதாரணத் தண்ணீரைத் தாழ்வாகப் பிடித்துக் கோப்பையின் பக்கச் சுவரோடு வழியும்படி ஊற்றுங்கள். பாதிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டு, வடியக் காத்திருந்து, மறுபடியும் ஊற்றுங்கள். இப்படி ஆறேழு முறை செய்த பிறகு சமையலறை ஆப்ப சோடாவை ஒரு தேக்கரண்டி போட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் ஆசிட் இன்னும் மிச்சம் இருக்கிறது. சிறிது சிறிதாக மேலும் சோடா போடலாம். நுரைக்கவில்லை என்றால் அந்த நீரில் பயப்பட ஒன்றும் இல்லை. இந்தச் சோதனைக்கு வேறு எந்த ரசாயனத்தையும் தேடிப் போகாதீர்கள்.

இதற்கிடையில் யாருக்காவது மூச்சுத் திணறலோ விடாத இருமலோ வந்தால், கோப்பையை என்ன செய்வது என்று யோசிக்காமல் உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். திணறல் குறையவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பிளம்பரை வீட்டுக்கு அழைப்பதாக இருந்தால், அவர் கருவியை எடுக்கும் முன்பே ஆசிட் ஊற்றியதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று கூச்சப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. குழாயைத் திறந்தவுடன் அந்த நீர் விழுவது அவர் கைமேல்தான்.

ஆசிட் ஏன் பயன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைப்பது சுண்ணாம்பை: ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்செல்லும் வெள்ளை உப்புப் படிவையும் சிமென்ட்டையும். கோப்பையின் வெள்ளைப் பளபளப்பை அது எளிதில் தொடுவதில்லை என்பதால் கெடுதி ஏதும் இல்லை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. ஆனால் கோப்பையின் அடிப்பகுதியைத் தரையோடு பிடித்திருக்கும் ஒயிட் சிமென்ட்டையும் டைல்களுக்கு இடைப்பட்ட பூச்சையும் அது அரிக்கும். அதன் புகையில், பிளஷ் டேங்குக்குத் தண்ணீர் விடும் திருகு குழாயான ஆங்கிள் காக்கின் குரோமியப் பூச்சும் கீல்களும் துருவேறும். அடைத்திருக்கும் பொருள் கழிவோ துணியோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்கையில், ஆசிட் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் செப்டிக் டேங்கில் இருக்கும் நுண்ணுயிர்களைத்தான் தாக்கும். கழிவை மட்கச் செய்வதே அந்த நுண்ணுயிர்கள்தாம்.

கொதிக்கும் தண்ணீருக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பீங்கான் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் பொருள். அதிலும் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கு அப்பால் செல்வது பிவிசி குழாய். கொதிநிலையான 100 டிகிரிக்கு வெகு முன்பே, 80 டிகிரி அளவிலேயே பிவிசி இளகத் தொடங்கிவிடும்; பசை போட்டு ஒட்டிய இணைப்புகள் அப்போது நெகிழும். மாடிக் கழிப்பறையில் இணைப்பு நெகிழ்ந்தால் அதன் விளைவு கீழ் அறையின் கூரையில் மஞ்சள் வட்டமாகத் தெரியும். கை பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இனி அடைப்புக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் எனக்கு மிகவும் உதவியது: இடையில் ஒரு நாள் தானாகவே சரியாகி, மறுநாள் மீண்டும் அடைத்துக்கொண்டது. கழிவு கெட்டிப்பட்டோ டிஷ்யூ காகிதம் சேர்ந்தோ உண்டாகும் அடைப்பு இப்படி நடந்துகொள்ளாது. அது நாளுக்கு நாள் இறுகும், அல்லது ஊறிக் கரைந்து ஒரேயடியாகப் போய்விடும். விட்டுவிட்டு வருகிற அடைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் கெட்டியான ஒரு பொருள் இருக்கும். நீரோட்டத்தில் அது கதவுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது எல்லாம் போகும். குறுக்கே திரும்பினால் எல்லாம் நிற்கும். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பொருள் எதுவாக இருக்கலாம் என்பதை நான் ஊகிப்பதைவிடக் குழந்தையிடமே அன்பாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. மிரட்டினால் பதில் வராது. சீப்பு, பல் துலக்கும் பிரஷ், ஷாம்பு பாட்டில் மூடி, சோப்புத் துண்டு, பொம்மைக் காரின் சக்கரம் என்று நான் வெளியே எடுத்தவற்றின் பட்டியல் நீளம். குழந்தையைச் சந்தேகப்படுவதற்கு முன் கோப்பையின் விளிம்பில் மாட்டியிருந்த வாசனை வில்லையின் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று முறை ஆசிட் ஊற்றிக் களைத்துப்போன ஒரு வீட்டில், கடைசியில் என் கம்பியில் சிக்கி வந்தது அந்தக் கூடுதான். ஆசிட்டில் குளித்துப் புதிதுபோல் இருந்தது.

அந்தப் பொருள் எங்கே சிக்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கோப்பையின் உள்ளமைப்பை ஒரு நிமிடம் மனத்தில் கொண்டுவாருங்கள். கோப்பையின் அடியிலிருந்து வழி நேரே கீழே போவதில்லை. முதலில் மேல்நோக்கி ஏறி, ஒரு திருப்பத்தைத் தாண்டிய பிறகே இறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீர் தேங்கி நின்று குழாயின் துர்நாற்றத்தை வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775-இல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றுவரை இதைவிட எளிதான ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாசனையைத் தடுக்கும் அதே வளைவுதான் சீப்பையும் தடுக்கிறது. அதன் உள்வழி, பின்னால் வரும் நான்கு அங்குலக் குழாயைவிடக் குறுகலானது. ஆகவே கெட்டியான பொருள் பெரும்பாலும் கோப்பையின் வளைவிலேயே, அதாவது கைக்கும் கருவிக்கும் எட்டும் தூரத்திலேயே நிற்கும்.

ஆனாலும் ஊகத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மாடியிலிருந்து சுவரோடு இறங்கும் குழாய் தரையில் சேரும் இடத்தில் ஒரு சேம்பர், அதாவது மூடி போட்ட சிறு தொட்டி, இருக்கும். அதன் மூடியை ஒருவர் திறந்து, முகத்தைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு பார்க்கட்டும். சேம்பர் நிரம்பித் தளும்பினால் அடைப்பு அதற்கு அப்பால், செப்டிக் டேங்க் பக்கம் இருக்கிறது. மாடியில் என்ன செய்தும் பயனில்லை. மேலே தண்ணீர் தேங்கி நிற்கும்போது சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில். கீழ்த்தளக் கழிப்பறை நன்றாக இயங்குவதால் உங்கள் வீட்டில் இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கழிப்பறையும் ஒரே சேம்பரில் சேர்கின்றனவா என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். மாடியில் வெளிச்சுவர்க் குழாயின் வளைவில் போல்ட் போட்ட சிறு மூடி ஒன்று இருக்கலாம். பிளம்பர்கள் டோர் பெண்ட் என்பார்கள். அடைப்பு கோப்பையைத் தாண்டி இருந்தால் அதைத் திறந்து எடுக்கலாம். அதை நீங்களே ஏணி போட்டு ஏறித் திறக்க வேண்டாம். தேங்கியிருப்பது அத்தனையும் திறப்பவர் மேல்தான் கொட்டும்.

ஆசிட் நீர்த்துப்போனது உறுதியான பிறகு வேலையைத் தொடங்கலாம். முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறையும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை வலப்புறமாகத் திருகி மூடிவிடுங்கள். பழக்க தோஷத்தில் யாராவது பிளஷை அழுத்திவிட்டால் குளியலறைத் தரை முழுக்க நாறிப்போகும் என்பது அனுபவம். தரையில் பழைய துணிகளைப் பரப்பிக்கொள்ளுங்கள்.

வழக்கமாக நான் முதலில் சொல்வது பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு மூன்று கரண்டி விட்டு, வெதுவெதுப்பான நீர் அரை வாளி ஊற்றி அரை மணி நேரம் விட்டுவிடுவதைத்தான். மெதுவான அடைப்பு என்றால் பாதிக்குப் பாதி அதிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். உங்கள் வீட்டில் இருப்பது கெட்டிப் பொருள் என்று நான் நினைப்பதால், போகாது. சோப்பு உண்டாக்கும் வழுவழுப்பு அடுத்த வேலைக்கு உதவும் என்பதற்காகச் செய்யலாம். உயரத்திலிருந்து வேகமாகத் தண்ணீரை அடிக்கும் உத்தியை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பொருளை உள்ளே தள்ளிவிட்டால் கைக்கு எட்டுகிற இடத்திலிருந்து எட்டாத இடத்துக்கு நாமே அனுப்பியதாகும்.

ஆகவே முதலில் கண்ணால் பாருங்கள். மக்காலும் பிறகு பஞ்சாலும் கோப்பையில் தேங்கிய நீரை முடிந்தவரை வாளிக்கு மாற்றிவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கோப்பையின் அடியில் சாய்த்துப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் அடித்தால் மேலேறும் வளைவு ஓரளவு தெரியும். பல நேரங்களில் பொருளின் நுனி அங்கேயே கண்ணில் படும். கையுறை போட்ட கையால் மெதுவாக அசைத்து வெளியே எடுத்துவிடலாம். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய அருவருப்பாக இருக்கிறது என்பதற்காகத்தான் பாதிப் பேர் ஆசிட் பாட்டிலைத் தேடிப் போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தெரியவில்லை என்றால் ரப்பர் பம்ப். கடையில் இரண்டு விதம் உண்டு. வெறும் அரைக்கிண்ண வடிவில் இருப்பது சிங்க்குக்கு உரியது. சம தரையில்தான் அது படியும். கிண்ணத்துக்குக் கீழே இன்னொரு ரப்பர் வளையம் நீட்டிக்கொண்டிருப்பதே கழிப்பறைக்கு உரியது. அந்த வளையம் துவாரத்துக்குள் இறங்கிக் காற்றுப் புகாமல் அடைக்கும். ரப்பர் மூழ்குமளவு கோப்பையில் நீர் இருக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தைக் கடத்துவது நீர்; காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். பம்பைச் சாய்வாக இறக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, முதல் அழுத்தத்தை மெதுவாகக் கொடுங்கள். பெரும்பாலோர் பலம் கொண்ட மட்டும் கீழே குத்துகிறார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர்: மென்மையாக அழுத்தி, வெடுக்கென்று மேலே இழுப்பது. வந்த வழியே பொருளைத் திரும்ப அழைப்பதுதான் நோக்கம். பதினைந்து இருபது இழுப்புக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். ஒன்பது ஆண்டு பழைய இணைப்பு கசிய ஆரம்பிக்கலாம். இந்த வேலை நடக்கும்போது ஒருவர் கீழே நின்று, அந்தக் கழிப்பறைக்கு நேர் கீழான கூரையில் ஈரம் கசிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பம்புக்கும் மசியவில்லை என்றால் கழிப்பறைக்கென்றே செய்யப்பட்ட சுழல் கம்பி இருக்கிறது. கைப்பிடியுள்ள ஒரு குழல், அதன் வளைந்த முனையில் பீங்கானைக் கீறாதிருக்க ரப்பர் உறை, உள்ளே மூன்றடியிலிருந்து ஆறடி வரை நீளும் ஸ்பிரிங் கம்பி. உறை கோப்பையின் அடியில் படியும்படி வைத்து, கைப்பிடியை வலப்புறமாகச் சுற்றிக்கொண்டே கம்பியை நிதானமாக உள்ளே விட வேண்டும். எதிலோ தட்டுப்பட்டு இறுகுவது கைக்குத் தெரியும். அப்போது தள்ளாமல், சுற்றுவதையும் நிறுத்தாமல், சிக்கிய பொருளோடு மெல்ல வெளியே இழுங்கள். வேலை முடிந்தபின் பீங்கானில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் அவை கம்பியின் உலோகம் ஒட்டிய தடங்களே, விரிசல் அல்ல.

இந்தக் கருவி கையில் இல்லை என்பதற்காகக் கட்டுமான வேலையில் மிஞ்சிய இரும்புக் கம்பியையோ மூங்கில் பிளாச்சையோ விட்டுக் குத்தாதீர்கள். நேரான வழியுள்ள பழைய சேம்பர்களில் மூங்கில் பிளாச்சு நல்ல கருவிதான். ஆனால் வெஸ்டர்ன் கோப்பையின் வளைவில் அது முறிந்து அதுவே ஓர் அடைப்பாகும், இரும்புக் கம்பியோ வளைவின் பீங்கானை உட்புறமாக உடைத்துவிடும். உட்புற விரிசல் கண்ணில் படாது; கோப்பையில் நிற்க வேண்டிய நீர் இரவோடு இரவாக வடிந்து துர்நாற்றம் வரும்போதுதான் தெரியவரும், அதன் பிறகு கோப்பையையே மாற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸை அடைப்புக்குள் செருகி முழு வேகத்தில் திறப்பதும் சிலருடைய வழக்கம். அந்த நேரத்தில் மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்தாலோ கீழே வேறு குழாய் திறந்தாலோ கோப்பையின் கழிவுநீர் ஹோஸ் வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். கம்ப்ரசர் காற்றை விட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அடைப்பு நகராவிட்டால் அந்தக் காற்று இணைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும்.

செப்டிக் டேங்க் உங்கள் தற்போதைய அடைப்புக்குக் காரணம் அல்ல என்றே நினைக்கிறேன். அது நிரம்பியிருந்தால் முதலில் தகராறு செய்வது கீழ்த்தளக் கழிப்பறையாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்பது ஆண்டுகள் திறக்கவில்லை என்பதைப் படித்தபோது, அடைப்பைவிட அதுதான் என்னைக் கவலைப்படுத்தியது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமண்டியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மண்டி உயர்ந்து, கழிவு மட்காமலே வெளியேறி, உறிஞ்சு குழியின் மண்ணை அடைத்துவிடும். மாடி அடைப்பு முடிந்த கையோடு, உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை அழைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்; இதற்கென்று 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. லாரியின் குழாய் மட்டும்தான் டேங்குக்குள் போக வேண்டும். அடியில் மண்டி இறுகிவிட்டது, உள்ளே இறங்கித்தான் கிளற வேண்டும் என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அதில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஒருவரை இப்படி இறக்குவது, மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கழிவுநீர்ச் சாக்கடைகளில் இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. லாரி வந்து போகும் வரை குழந்தையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த மூடிக்குப் பக்கத்தில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது, உள்ளே மீத்தேனும் இருக்கும்.

கடைசியாக உங்கள் பிளம்பர் சொன்னது. கோப்பையைக் கழற்றுவது தவறான யோசனை அல்ல. ஆனால் அது பம்பும் சுழல் கம்பியும் தோற்ற பிறகு வர வேண்டிய யோசனை. தொலைபேசியிலேயே அதில் தொடங்குபவரிடம் சுழல் கம்பி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் இருக்கும் இன்னொருவரை அழையுங்கள். கழற்றியே தீர வேண்டும் என்றாலும் டைல்ஸ் உடைய வேண்டிய கட்டாயம் இல்லை. கோப்பையின் அடிவிளிம்பைச் சுற்றிய ஒயிட் சிமென்ட்டை உளியால் தட்டாமல் ஹேக்ஸா பிளேடால் பொறுமையாக அறுத்து, தரையில் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, பிளஷ் டேங்க் இணைப்பைப் பிரித்த பிறகு, இருவர் சேர்ந்து நேராகத் தூக்கிப் பழைய போர்வையின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். சிக்கிய பொருள் பின்வாயிலிருந்து அப்போது எளிதாக வந்துவிடும். கோப்பை வெளியே இருக்கும் நேரத்தில் குழாயின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். வாயுவும் வராது, திருகாணியும் உள்ளே விழாது.

திரும்பப் பொருத்தும்போது கோப்பையையும் குழாயையும் சிமென்ட் வைத்து இணைக்காமல் ரப்பர் கனெக்டர் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை கழற்ற நேர்ந்தால் எதையும் உடைக்க வேண்டியிருக்காது. திருகாணிகளை ஒருபக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கச் சொல்லுங்கள், பீங்கான் அடிப்பகுதி விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சுற்றில்தான். அடியில் ஒயிட் சிமென்ட் பூசினால் 24 மணி நேரம் யாரும் அதில் உட்காராமல் கீழ்த்தளத்தைப் பயன்படுத்துங்கள். பிறகு நாலைந்து முறை பிளஷ் செய்து, கனெக்டரைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையாமல் வந்தால் பிளம்பருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பலாம்.